நாலு குரலில் ஜாஸ்: புதுச்சேரியில் குழு ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு

தனியாக நன்றாகப் பாடும் நாலு பேரைச் சேர்த்தால் போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பக்கத்துக் குரலைக் காதில் வாங்கிக்கொண்டே தன் பகுதியை விடாமல் பாடுகிறவர்தான் ஹார்மனிக்கு, அதாவது வேறு வேறு ஸ்வரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பாடுவதற்கு, வேண்டும். தேவாலயப் பாடகர் குழுக்களில் கேட்டுப் பாருங்கள், சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று மேலிருந்து கீழாக நாலு குரலாகப் பிரித்துப் பாடிப் பழகியவர்கள் கிடைப்பார்கள். கர்நாடக சங்கீதம் படித்தவர்களும் வரட்டும், சுருதியும் தாளமும் கெட்டியாக இருக்கும், ஆனால் கமகத்தைக் கொஞ்சம் விட வேண்டும். ஜாஸில் சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்களில் இரண்டு உரசிக்கொண்டு நிற்கும், ஒருவர் அசைத்தாலும் மொத்தமும் கலங்கிவிடும். தம்புரா ஆப்பைப் போட்டு ஆளுக்கொரு ஸ்வரத்தை அசையாமல் பிடியுங்கள். 'ஆ' என்றால் நாலு வாயிலும் ஒரே 'ஆ' வர வேண்டும். தினமும் 15 நிமிடம் இதற்கே.

அப்புறம் ஸ்விங், அதாவது ஸ்வரங்கள் நீளமும் குட்டையுமாக ஆடி வருகிற ஜாஸ் நடை. 'தகிட' சொல்லுங்கள், 'தகி' முழுக்க முதல் ஸ்வரம், 'ட'வில் இரண்டாவது. நாலு அடித் தாளத்தில் விரல் சொடுக்கு 2, 4-ஆம் அடிகளில். இதில் அவசரமே கூடாது. 1957-இல் லாம்பர்ட், ஹெண்ட்ரிக்ஸ், ராஸ் என்ற ஜாஸ் பாடகர்கள் மூவரும் பெரிய கோரஸை வைத்து, ஜாஸ் இசைக்குழுத் தலைவர் கவுண்ட் பேஸியின் இசையைப் பதிவு செய்யப் பார்த்தார்கள், கோரஸுக்கு ஸ்விங் வரவில்லை. கடைசியில் எல்லாப் பகுதிகளையும் மூன்று பேரே அடுக்கடுக்காகப் பாடிப் பதிந்தார்கள்.

குழு நீடிக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு பகுதியையும் எழுதி, தனித்தனியாகப் பாடி ஃபோனில் பதிந்து வையுங்கள். எங்கள் ஆல்டோ கல்யாணமாகிச் சென்னைக்குப் போனபோது கையில் ஒன்றும் இல்லை, ஆறு பாட்டு அவரோடு போய்விட்டது. மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் என்ற அமெரிக்க நாலு குரல் குழுவைப் பாருங்கள்: 1979-இல் லாரல் மாஸே இடத்தில் ஷெரில் பென்டைன் வந்தார், குழுவை ஆரம்பித்த டிம் ஹௌசரே 2014-இல் காலமானார், ஆனாலும் 2023 வரை மேடையேறினார்கள். ஆள் மாறினாலும் அந்தக் குரலின் இடம் காலியாக இருக்கவில்லை.

முதல் மேடைக்கு ஜூன் 21-ஐக் குறி வைக்கலாம். பிரான்சில் 1982-இல் தொடங்கிய ஃபெத் தெ லா மியூசிக் என்ற இசைத் திருவிழாவை நம் ஊரிலும் கொண்டாடுகிறார்கள். அதற்கு முன் ஒரு நாள் சாயங்காலம் கடற்கரைச் சாலையில், வண்டிகளை நிறுத்திய பிறகு, மைக் இல்லாமல் பாடிப் பாருங்கள். அலைச் சத்தத்திலும் உங்கள் டெனருக்கு ஆல்டோ கேட்கிறதென்றால் தயார்தான்.

வருகிற பணத்தை ஐந்து பங்காகப் பிரியுங்கள், ஐந்தாவது பங்கு பகுதிகளை எழுதித் தருபவருக்கு. அதை முதல் நிகழ்ச்சிக்கு முன்பே பேசிவிடுங்கள்.