செவ்ரொலே சி10 பின்பக்கத்தில் காயில்ஓவர் பொருத்தும் முறை: வாங்கும் முன் அளந்துவிடுங்கள்

1973 முதல் 1987 வரை வெளிவந்த செவ்ரொலே சி10 பிக்கப்பின் பின்பக்கத்தைத் தாங்குவது லீஃப் ஸ்பிரிங், அதாவது அடுக்கடுக்கான எஃகுப் பட்டைகள். வண்டியைத் தாழ்த்த விரும்பும் அமெரிக்க ஆர்வலர்கள் பலர் அதைக் கழற்றிவிட்டுக் காயில்ஓவருக்கு (ஷாக் அப்சார்பரைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் அமைந்த ஒற்றைப் பாகம்) மாறுகிறார்கள். லீஃப் ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குவதோடு ஆக்சிலையும் அதன் இடத்தில் பிடித்து வைத்திருந்தது. காயில்ஓவர் எடையை மட்டுமே தாங்கும் என்பதால், ஆக்சிலைப் பிடிக்க நான்கு லிங்க் தண்டுகளும், பக்கவாட்டில் நகராமல் தடுக்க ஒரு பான்ஹார்டு தண்டும் வேண்டும். வெல்டிங் தெரிந்தவர், பழைய ஸ்பிரிங்கை ஏற்கெனவே இறக்கிவிட்டவர் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

முதலில் உயரம். ஓட்டப்போகும் அதே டயர்களை மாட்டி, சமதளத்தில் சேஸிஸை ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, வண்டி சாலையில் எந்த உயரத்தில் நிற்க வேண்டுமோ அந்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆக்சில் குழாய்க்கும் சேஸிஸுக்கும் நடுவே 4 அங்குல இடைவெளிகூட இல்லையென்றால், சேஸிஸில் வளைவாக வெட்டி வலுவூட்டுத் தகடு வைத்தாக வேண்டும்.

அடுத்து லிங்க் தண்டுகள். கியர்பாக்ஸின் பின்முனை 3 டிகிரி கீழ்நோக்கி இருந்தால், பினியன் (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சிலின் முன்முனைத் தண்டு) அதற்கு இணையாக 3 டிகிரி மேல்நோக்கி இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பினியன் மூக்கு மேலே எழும் என்பதால் நான் அதில் ஒரு டிகிரி குறைத்து வைப்பேன். இதற்கு டிஜிட்டல் கோணமானி வாங்குங்கள். குமிழி மட்டத்தை வைத்து அரை டிகிரியைப் படிப்பது கண்ணுக்குத்தான் தண்டனை. பான்ஹார்டு தண்டு இடம் கொடுக்கும் அளவுக்கு நீளமாகவும், நிற்கும் உயரத்தில் கிடைமட்டமாகவும் இருக்கட்டும். 36 அங்குலத் தண்டு 3 அங்குலம் ஏறும்போது ஆக்சிலை எட்டில் ஒரு அங்குலமே இழுக்கும். 20 அங்குலத் தண்டு அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுக்கும். தினமும் ஓட்டும் வண்டிக்கு உருண்டை ஜாயின்டுகளைவிட பாலியூரித்தேன் புஷ்களே என் தேர்வு, ஏனென்றால் அவை அவ்வளவு சத்தம் போடுவதில்லை.

பலரும் தடுமாறுவது இனி வரும் கட்டத்தில்தான். காயில்ஓவரை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு அதற்கு இடம் தேடாதீர்கள். பட்டியலில் உள்ள அளவை வைத்து ஓர் இரும்புப் பட்டையில் துளைகள் போட்டு, அதையே காயில்ஓவராகப் பாவியுங்கள். முழுதாக அமுங்கினால் 11 அங்குலமும் முழுதாக நீண்டால் 16 அங்குலமும் வரும் ஷாக்கை எடுத்துக்கொண்டால், மொத்த ஓட்டம் 5 அங்குலம். நிற்கும் உயரத்தில் அமுங்குவதற்கு 3 அங்குலமும் நீளுவதற்கு 2 அங்குலமும் மிச்சமிருக்கட்டும். ஆகவே முனைத்துளையிலிருந்து 11, 14, 16 அங்குலத் தூரங்களில் துளை இடுங்கள். 14இல் போல்ட் மாட்டி பிராக்கெட்டுகளுக்கு டாக் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) மட்டும் வையுங்கள். பிறகு 11இல் மாட்டி, ஆக்சில் சேஸிஸையோ சரக்குத் தொட்டியின் தரையையோ தொடுகிறதா என்று பாருங்கள். 16இல் மாட்டும்போது பிரேக் ஹோஸ் விறைக்கிறதா, டிரைவ் ஷாஃப்டின் முனை கியர்பாக்ஸிலிருந்து அளவுக்கு மீறி வெளியே வருகிறதா என்று பாருங்கள். ஷாக் முழுதாக மூடுவதற்கு அரை அங்குலம் முன்பே ரப்பர் பம்ப் ஸ்டாப் முட்ட வேண்டும்.

காயில்ஓவரின் மேல்முனை செங்குத்திலிருந்து உள்பக்கமாகச் சாய்வது இயல்பு. ஆனால் சாய்வு கூடக்கூட ஸ்பிரிங்கின் வலு குறையும். 20 டிகிரியில் 88 சதவீதம், 30இல் 75, 45இல் பாதிதான் சக்கரத்துக்குக் கிடைக்கும். 20 டிகிரியை நான் தாண்டுவதில்லை.

இப்போது ஸ்பிரிங். எடுத்துக்காட்டாக, பின்சக்கரங்கள் இரண்டின் மேலும் சேர்ந்து 1500 பவுண்டு இருக்கிறது, அதில் ஆக்சிலும் சக்கரங்களும் 400 என்றால், ஒரு பக்கத்துக்கு 550 பவுண்டு. 20 டிகிரிச் சாய்வில் ஷாக்கின் நேர்கோட்டில் அது 585 ஆகிறது. அங்குலத்துக்கு 200 பவுண்டு ஸ்பிரிங் போட்டால் 2.9 அங்குலம் அமுங்கும். சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் 0.9 அங்குலம் அழுத்தம் மிச்சமிருக்கும். அதுவே 350 பவுண்டு ஸ்பிரிங் என்றால் 1.7 அங்குலம் மட்டுமே அமுங்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டுத் தளர்ந்து கடகடக்கும். அதே 200 பவுண்டு ஸ்பிரிங்கோடு தொட்டியில் 1000 பவுண்டு சரக்கு ஏற்றினால் வண்டி ஏறக்குறைய 2.8 அங்குலம் இறங்கிவிடும். சுமை ஏற்றுகிறவருக்கு இந்த அமைப்பு வேண்டாம் என்பேன்.

எல்லாம் சரியென்றால் டாக் வைத்த இடங்களை முழுதாக வெல்டிங் செய்யுங்கள். ஆக்சில் குழாயில் வெல்டிங்கை ஒரே மூச்சில் ஓட்டினால் அது வளைந்துவிடும். சிறு சிறு தையல்களாக, பக்கம் மாற்றி, ஆறவிட்டுச் செய்யுங்கள். காயில்ஓவர் போல்ட் இருபுறமும் தகடு உள்ள பிராக்கெட்டில்தான் அமர வேண்டும். உயரம் மாற்ற, ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைத் திருகும் முன் மரையில் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) பூசி, ஜாக்கியால் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிடுங்கள். எடை ஏறியபடி திருகினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துச் செய்தவர்களில் சிலருக்குச் சைலன்சர் குழாய் ஸ்பிரிங்கில் உரசியிருக்கிறது. வேலை நடக்கும்போது குழாயைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவதால் இது கண்ணில் படுவதில்லை. இரும்புப் பட்டையை 11இல் மாட்டும்போதே குழாயையும் மாட்டிப் பாருங்கள்.