கொழுப்புக் கட்டியை அறிவதும் அகற்றுவதும்

குளிக்கும்போது தோள்பட்டையில் சோப்புக் கை வழுக்கிச் செல்லுமிடத்தில், தோலுக்கடியில் நெல்லிக்காய் அளவில் ஏதோ ஒன்று தட்டுப்படுகிறது. வலி இல்லை, எத்தனை நாளாக இருக்கிறது என்பதும் நினைவில்லை. கொழுப்புச் செல்கள் ஒரு மெல்லிய உறைக்குள் திரண்டு உருவாகும் கொழுப்புக் கட்டி பலருக்கும் இப்படித்தான் தெரிய வருகிறது. மருத்துவர்கள் இதை லிப்போமா என்பார்கள். 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் காணப்படும் இது, கழுத்து, தோள், முதுகு, கை, தொடை ஆகிய இடங்களில் மெல்ல வளரும். ஒல்லியானவர்களுக்கும் வரும், உடல் எடையைக் குறைத்தாலும் கரையாது.

முதலில் விரல்களால் அறிய முயலுங்கள். கட்டியின் ஓரத்தில் விரல் நுனியை வைத்து மெல்ல அழுத்தினால், கொழுப்புக் கட்டி மாவு உருண்டைபோல் மெத்தென்று அமுங்கி, விரலுக்கடியிலிருந்து நழுவி ஓடும்; அதன் மேலுள்ள தோலைக் கிள்ளித் தூக்கினால் தோல் மட்டும் தனியே எழும்பும். தோலோடு ஒட்டிக்கொண்டு, நடுவில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் அது பெரும்பாலும் வேறு வகை நீர்க்கட்டி. அதைப் பிதுக்கினால் சீழ் பிடிக்கும் என்பதால் கை வைக்காதீர்கள்.

5 சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி, சில மாதங்களிலேயே கண்ணுக்குத் தெரியப் பெருத்த கட்டி, கெட்டியாக அசையாமல் இருப்பது, தொடைத் தசைக்குள் ஆழமாக இருப்பது, அகற்றிய இடத்திலேயே மீண்டும் தலைகாட்டுவது ஆகியவற்றை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும். சாதாரணக் கொழுப்புக் கட்டி புற்றுநோயாக மாறுவது மிக அரிது என்றாலும், லிப்போசர்கோமா என்ற புற்றுக்கட்டி அதே தோற்றத்தில் வந்து ஏமாற்றக்கூடும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியும் ஐயத்தைத் தீர்க்கும். வலி இருந்தாலே ஆபத்து என்று பதற வேண்டாம்: இரத்தக் குழாய்கள் கலந்த ஒரு வகைக் கொழுப்புக் கட்டி, தீங்கற்றதாக இருந்தும் அழுத்தினால் வலிக்கும்.

தொந்தரவு தராத கட்டியை விட்டுவிடுவதே என் பரிந்துரை. நாடாவால் அளந்து தேதியுடன் குறித்து வைத்துக்கொண்டால், 'வளர்ந்துவிட்டதோ' என்ற கவலைக்கு எண்ணே பதில் சொல்லும். சுண்ணாம்பைக் குழைத்துப் பூசும் பழக்கம் இன்னும் இருக்கிறது; அதனால் வெந்து போவது தோல்தான், உள்ளே இருக்கும் கொழுப்பு அல்ல.

பை மாட்டும்போது உறுத்துகிறது, பார்வைக்கு உறுத்தலாக இருக்கிறது என்றால் அகற்றிக்கொள்ளலாம். சிறிய கட்டி என்றால், மரத்துப்போக ஊசி போட்டு, மேலே கீறி, உறையோடு எடுத்துத் தையல் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நெற்றியில் உள்ள கட்டி பல நேரங்களில் தசைக்கு அடியில் இருப்பதால், வெளியே தெரிவதைவிட ஆழமாகச் செல்ல வேண்டியிருக்கும். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறையில் தழும்பு சிறிதாகும். ஆனால் உறை உள்ளேயே தங்கிவிடக்கூடும் என்பதால் கட்டி மீண்டும் வர வாய்ப்பு அதிகம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் சர்க்கரை நோயாளிகளும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறகு தையலிட்ட இடம் சிவந்து வீங்கினாலோ, நீர் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே திரும்பிச் சென்று காட்ட வேண்டும்.

எடுத்த கட்டியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேளுங்கள். அந்த அறிக்கையைக் கோப்பில் வைத்திருங்கள். சிலருக்கு இன்னொரு கட்டி வேறிடத்தில் வரும்போது, மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.