திருநெல்வேலி வெயிலும் பழைய கடைக் கட்டட ஜன்னல்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வணிகக் கட்டடம் ஒன்றின் ஜன்னல்களை மாற்ற முடிவெடுத்ததும், உரிமையாளர் முதலில் கேட்பது ‘இரட்டைக் கண்ணாடி போடலாமா?’ என்பதுதான். திருநெல்வேலியில் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. உள்ளிருக்கும் சூடு வெளியேறாமல் காப்பதற்குக் குளிர்நாடுகளில் பெருகிய ஏற்பாடு அது. நமக்கோ ஜன்னல் வழியாக வரும் தொல்லையில் பெரும்பங்கு நேர்வெயில். வெளியே 38 டிகிரி, உள்ளே ஏ.சி. வைத்து 25 டிகிரி என்று கொள்வோம். ஒற்றைக் கண்ணாடியின் ஒரு சதுர மீட்டர் வழியே கடத்தலால் மட்டும் வரும் வெப்பம் 75 வாட் அளவில் இருக்கும். இரட்டைக் கண்ணாடி அதைப் பாதியாக்கும். ஆனால் அதே மேற்கு ஜன்னலில் மாலை வெயில் 600 வாட் அளவுக்கு விழும்போது, சாதா ஒற்றைக் கண்ணாடி அதில் ஏறத்தாழ 80 விழுக்காட்டையும், பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடி ஏறத்தாழ 70 விழுக்காட்டையும் உள்ளே விட்டுவிடும். வெயில்தடுப்புப் பூச்சுள்ள, 27 விழுக்காட்டை மட்டும் விடும் கண்ணாடியாக இருந்தால், சாதா ஒற்றைக் கண்ணாடியைவிடப் பத்துச் சதுர மீட்டருக்கு 3 கிலோவாட்டுக்கு மேல் குறைகிறது. அது கிட்டத்தட்ட ஒரு டன் ஏ.சி.யின் வேலை. ஆகவே கொட்டேஷனில் எத்தனை அடுக்கு என்று பார்ப்பதற்கு முன்னால், வெயில் வெப்பத்தில் எவ்வளவு பங்கை அந்தக் கண்ணாடி உள்ளே விடும் என்பதைக் காட்டும் எஸ்.எச்.ஜி.சி. எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். புதிய ஏ.சி.க்கு முன்பணம் கொடுப்பதையும் அதுவரை தள்ளிவைப்பது நல்லது.

வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராது என்று நம்புவது அடுத்த தவறு. வட இந்தியாவுக்கு எழுதப்பட்ட அறிவுரையை இங்கே அப்படியே கொண்டுவந்ததன் விளைவு இது. நாம் இருப்பது ஏறத்தாழ 8.7 டிகிரி வடக்கு அட்சரேகையில். சித்திரைத் தொடக்கத்தில் உச்சிக்கு வரும் சூரியன், ஆவணி வரை நமக்கு வடக்கே சாய்ந்துதான் செல்கிறது. அதனால் கோடையின் கடும் நாட்களில் வடக்குச் சுவரும் காயும். 2017ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, 15 டிகிரிக்கு வடக்கே உள்ள ஊர்களில் வடக்கு ஜன்னலுக்கு 0.50 வரை எஸ்.எச்.ஜி.சி. அனுமதித்துவிட்டு, அதற்குத் தெற்கே உள்ள வெப்பமான பகுதிகளுக்கு வடக்கிலும் 0.27 என்று வரையறுத்திருப்பது இதனால்தான்.

புதிய எலிவேஷனுக்காகச் சன்ஷேடை இடித்துத் தள்ளுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடிவதில்லை. இரண்டடி நீட்டிய சன்ஷேட், மார்கழி நண்பகலிலும் தெற்கு ஜன்னலில் மூன்றடி உயரத்துக்கு நிழல் தரும். அதுவும் மின்சாரச் செலவே இல்லாமல். பல கட்டடங்களில் ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டலோடு சேர்த்து வார்க்கப்பட்ட அதை உடைக்கும்போது, லிண்டலும் அதிர்ந்து விரிசல் காண்கிறது. அந்த இடத்தில் ஏ.சி.பி. ஷீட்டை (இரு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வேறு பொருள் வைத்த பலகை) ஒட்டி முகப்பை மூடினால், சுவருக்கும் ஷீட்டுக்கும் இடையிலான சந்து தீப்பிடிக்கும்போது புகைபோக்கியாகிவிடும். ஷீட்டின் நடுவில் இருப்பது பாலிஎத்திலீன் என்றால் அதுவும் சேர்ந்து எரியும். மேற்குப் பக்கத்தில் சன்ஷேட் மட்டும் போதாது என்பது உண்மைதான். அங்கே தாழ்ந்து வரும் வெயிலுக்கு வெளிப்புறத்திலேயே செங்குத்துத் தகடுகளோ திரைகளோ வேண்டும். உள்ளே தொங்கும் பிளைண்ட், ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்ட வெப்பத்தைக் கண்ணுக்கு மறைக்கிறதே தவிர, பெரிதாகத் தடுப்பதில்லை.

மலிவாக முடிகிறதென்று பழைய கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதும் பரவலாக நடக்கிறது. கறுப்பு ஃபிலிம் வெப்பத்தை ஈர்ப்பதால் கண்ணாடியே தோசைக்கல்லாகச் சுட்டு, அருகில் மேசை போட்டிருப்பவர் ஏ.சி. அறையிலும் புழுங்குவார். பாதி வெயிலும் பாதி நிழலும் விழும் இடத்தில், கடினப்படுத்தாத பழைய கண்ணாடி ஓரத்திலிருந்து வெடிக்கவும் கூடும். போதாததற்குப் பகலிலேயே விளக்குப் போட வேண்டிவரும்.

டவுன் ரத வீதிகளிலுள்ள பழைய கடைகளில் தேக்கு நிலை உறுதியாக இருந்தால், அதைப் பிடுங்காமல் கதவுகளை மட்டும் மாற்றுவதே சரி. இரட்டைக் கதவு ஜன்னல் முழுவதும் திறக்கும்; அதன் இடத்தில் வரும் ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும் என்பதால், ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து இலவசமாக வரும் காற்றில் பாதியை இழக்கிறோம்.

பாதுகாப்பில் கஞ்சத்தனம் கூடாது. கதவுக் கண்ணாடியிலும், தரையை ஒட்டி இறங்கும் கண்ணாடியிலும் பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 2553 முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டஃபன்ட் கண்ணாடியைக் கடினப்படுத்திய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. எனவே அளவு தவறினால் அது வீண். நடைபாதைக்கு மேலே, மாடியில் வரும் கண்ணாடிக்கு லேமினேட்டட் வகையே ஏற்றது. உடைந்தாலும் துண்டுகள் இடைப்படலத்தில் ஒட்டி நிற்கும். ஜன்னலை முழுக்க அடைத்துக் கிரில் போட்டு, அதன்மேல் விளம்பரப் பலகையும் மாட்டிய டியூஷன் மையங்களையும் லாட்ஜுகளையும் பார்க்கிறோம். தீ விபத்தில் புகை வெளியேறவும் ஏணி வைத்து ஆளை மீட்கவும் உள்ள வழியை அங்கே அடைத்துவிட்டோம். ஒவ்வொரு தளத்திலும் சில கிரில்களையாவது, சாவியில்லாமல் உள்ளிருந்து திறக்கும்படி கீல் வைத்துச் செய்ய வேண்டும்.

மழை வரும் திசையும் ஊருக்கு ஊர் மாறும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் மேற்கிலிருந்து அடிக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடியில் ஐப்பசி, கார்த்திகை மழை பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும். 2023 டிசம்பர் பெருமழையைப் பார்த்தவர்களுக்கு அதன் வேகம் தெரியும். அலுமினிய ஜன்னலின் அடித்தடத்தில் நீர் வடிவதற்கென்றே விடப்பட்ட சிறு துளைகளை, ஒழுகுகிறதென்று சிலிக்கான் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள்; தேங்கிய நீர் பிறகு சுவருக்குள்தான் இறங்கும். அடிக்கட்டு வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். திருச்செந்தூர் போன்ற கடலோர ஊர்களில் ஸ்குரூக்கள் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். கடைசித் தவணையைக் கொடுக்குமுன், புரட்டாசிக்குள் ஒரு நாள் ஹோஸ் குழாயால் ஒவ்வொரு ஜன்னலிலும் பத்து நிமிடம் தண்ணீர் அடித்து, உள்ளே ஈரம் தட்டுகிறதா என்று ஒப்பந்தக்காரரை நிறுத்திவைத்தே பார்த்துவிட வேண்டும்.