பக்கத்து ஸ்கூல் ரிசல்ட்டோட ஒப்பிடும்போது நம்ம பண்ற தப்புங்க

மே மாசம் ரிசல்ட் வர்ற நேரத்துல நம்ம மண்டபம், பாம்பன் பக்கம் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகெல்லாம் கரையில கட்டிக் கிடக்கும், அப்பாமாரெல்லாம் ஊர்லயே இருப்பாங்க, டீக்கடைல எந்த ஸ்கூல் எத்தன பர்சன்ட்ங்கிறதுதான் பேச்சு. நான் எங்க ஊர் ஸ்கூல் மேலாண்மைக் குழுவுல இருக்கேன், அந்தப் பேச்ச நம்பி புள்ளைய ஸ்கூல் மாத்துனவங்கள பாத்துட்டுதான் இத எழுதுறேன்.

மொதல்ல, பர்சன்ட்ட மட்டும் பாக்காதீங்க. எங்க ஸ்கூல்ல பத்தாவது எழுதுறது 20 பேருன்னா ஒரு புள்ள போனாலே 5 பர்சன்ட் போச்சு, 200 பேர் எழுதுற டவுன் ஸ்கூல்ல ஒரு புள்ளைக்கு அரை பர்சன்ட்தான். சின்ன ஸ்கூலுக்கு மூணு நாலு வருசத்த சேத்துக் கூட்டிப் பாருங்க, ஆனா 2020, 2021 பத்தாவது ரிசல்ட்ட சேக்காதீங்க, கொரோனால எல்லாருக்கும் பாஸ் போட்ட வருசம் அது.

பெரிய தப்பு எதுன்னா, பரிச்சைக்கு உக்காராத புள்ளைங்கள மறந்துடுறது. பாஸ் பர்சன்ட் பரிச்சை எழுதுனவங்கள வச்சுதான் போடுறாங்க. ஒரு ஸ்கூல்ல ஒம்பதாவதுல 30 பேர், அதுல 24 பேர்தான் பத்தாவது எழுதி 24 பேரும் பாஸ், நூத்துக்கு நூறுன்னு பேனர் வச்சுருவாங்க. இன்னொரு ஸ்கூல்லயும் 30 பேர், 29 பேர் எழுதி 26 பேர் பாஸ், 90 பர்சன்ட் கூட வராது. ஆனா கரை சேந்த புள்ளைங்க எங்க ஜாஸ்தி? அந்த ஆறு பேர் எங்க போனாங்கன்னு யாரும் கேக்குறதில்ல, ஒருத்தன் அப்பாவோட கடலுக்குப் போயிருப்பான், ஒருத்தன் கையில டிசிய குடுத்து அனுப்பிருப்பாங்க. எங்க தெருப் பையனுக்கே அப்படித்தான், ஒம்பதாவது முழு ஆண்டு முடிஞ்சதும் ஒரு தனியார் ஸ்கூல்ல டிசி குடுத்துட்டாங்க, எங்க ஸ்கூல்ல வந்து எழுதுனான், கணக்குப் பாடத்துல பெயிலாயிட்டான், அந்த பெயில் எங்க ஸ்கூல் ரிசல்ட்டுல ஏறுச்சு.

அடுத்து, ஒரே மாதிரி ஸ்கூலோடதான் ஒப்பிடணும். தமிழ்நாடு முழுக்க வருசா வருசம் பொண்ணுங்க பாஸ்தான் கூட, அதனால பொண்ணுங்க ஸ்கூலையும் ரெண்டு பேரும் படிக்கிற ஸ்கூலையும் பக்கத்துல வச்சா எப்படி சரியா வரும்? மார்க் பாத்து சேக்குற மெட்ரிக் ஸ்கூலோடயும் வேணாம். தங்கச்சிமடத்து அரசு ஸ்கூல தேவிபட்டினம், தொண்டின்னு கடலோரத்துல இருக்குற அரசு ஸ்கூலோட பாருங்க, கணக்கு டீச்சர் போஸ்ட் எத்தன மாசம் காலியா கெடந்துச்சுன்னும் கேளுங்க. 35 வாங்குனவனும் பாஸ், 90 வாங்குனவனும் பாஸ், அதனால பாடவாரியா மார்க்கும் பாக்கணும்.

அந்தப் பையன நாங்க விடல. துணைத்தேர்வுக்குப் பணம் கட்டி, குழுவுல இருந்த ஒரு அக்கா தெனம் சாயங்காலம் கணக்கு சொல்லிக் குடுத்தாங்க, பாஸாகி இப்ப ஐடிஐல படிக்கிறான். அந்த மே மாசம் சொன்ன பர்சன்ட்ல அவன் இன்னும் பெயில்தான்.