புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கடிதம் வந்திருக்கிறதா? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த வேலூர்க்காரர்களுக்கு

வேலூர், குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து இங்கே வந்தவர்கள் வீடு, வங்கிக் கணக்கு, பிள்ளைக்குப் பள்ளி என்று அலைந்து முடிப்பதற்குள் உங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வரலாம். புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைப்பு. பயப்படாதீர்கள். உங்களுக்கு ஏதோ இருக்கிறது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. குறிப்பிட்ட வயதில் இருக்கும் எல்லாருக்கும் போகிற கடிதம் அது.

நமக்கு அந்தச் சொல்லே அடிவயிற்றைக் கலக்குவதற்குக் காரணம் உண்டு. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி, காந்தி ரோடு லாட்ஜ்களில், எங்கெங்கிருந்தோ நோய் முற்றிப்போய் வந்து தங்கியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நோய் வந்த பிறகு ஆஸ்பத்திரியைத் தேடிப் போவதுதான் நமக்குத் தெரியும். உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதே ஆளைத் தேடி வருகிற இந்த ஏற்பாடு புதிது. ஆனால் பலன் தருவது இதுதான்.

முதல் வேலை, பக்கத்து ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் பதிவு செய்வது. அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் கடிதம் அனுப்புகிறார்கள். வாடகை அறை மாறும்போதெல்லாம் முகவரியை அங்கே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் கடிதம் பழைய வீட்டிலேயே கிடக்கும். பரிசோதனைக்குக் காசு கிடையாது. மொழி சிரமம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அதுவும் இலவசம்தான்.

25 முதல் 64 வயது வரை பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை. கடிதம் வயதைப் பார்த்து மட்டுமே வருகிறது, கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் வரும். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். பெண் நர்ஸ்தான் வேண்டும் என்று முன்பே சொல்லலாம், துணைக்கு ஆள் கூட்டிப் போகலாம். சில நிமிட வேலை. எடுத்த மாதிரியில் கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்பிவி கிருமி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். இருந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, செல்கள் மாறியிருக்கின்றனவா என்று அடுத்துப் பார்ப்பார்கள். இன்னொன்று: ஊரில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்தவர்கள் நம்மில் நிறைய பேர். இங்குள்ள பதிவேட்டில் அது இருக்காது. ஆபரேஷன் சீட்டைக் கொண்டுபோய் ஜிபியிடம் காட்டுங்கள். கருப்பை வாயும் சேர்த்து எடுத்திருந்தால் இந்தப் பரிசோதனை தேவையில்லை.

50 முதல் 71 வயதை எட்டும் வரை பெண்களுக்கு 3 வருடத்துக்கு ஒருமுறை மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. 50 ஆனதுமே வந்துவிடாது, 53க்குள் முதல் அழைப்பு வரும். படம் எடுப்பவர்கள் பெண்கள்தான். சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கிங்கில் நிற்கும் வேனில்கூட எடுப்பார்கள். நூறு பேரில் சுமார் நான்கு பேரைத் திரும்பக் கூப்பிடுவார்கள், அந்த நால்வரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். ஆகவே மறுபடி கூப்பிட்டார்கள் என்றதும் ஊருக்குப் போன் போட்டு அழ வேண்டாம். இதில் ஒரு பாதகமும் உண்டு: வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தராத சில கட்டிகளும் அகப்பட்டு, தேவையில்லாத சிகிச்சை நடந்துவிடும். கடிதத்தோடு வரும் கையேட்டில் எழுதியிருக்கிறது, படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யலாம். போவது நல்லது என்பது என் எண்ணம்.

ஆண், பெண் இருவருக்கும் 50 முதல் 74 வரை குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்காக 2 வருடத்துக்கு ஒருமுறை தபாலில் ஒரு சிறு டப்பா வரும். மலத்தில் துளி எடுத்து அடைத்து அனுப்ப வேண்டும். ஸ்டாம்ப் ஒட்டத் தேவையில்லை. அருவருப்பாக இருக்கிறது என்று குப்பையில் போடுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து போடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக்கூட அது காட்டிக்கொடுக்கும். அப்புறம் கொலோனோஸ்கோபி (கேமரா குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்து, பின்னால் புற்றாக மாறக்கூடிய சதை வளர்ச்சியை முன்பே எடுத்துவிடலாம்.

வாய்ப் புற்றுநோய்க்கு இங்கே இப்படிக் கடிதம் வராது. வெற்றிலை, புகையிலை, ஹான்ஸ் பழக்கம் உள்ளவர்கள் பல் டாக்டரிடம் போகும்போது அதைச் சொல்லி வாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டி, ரத்தப்போக்கு, ஆறாத வாய்ப்புண், காரணமில்லாமல் எடை குறைவது என்று ஏதாவது தெரிந்தால் கடிதத்துக்காகக் காத்திருக்காமல் ஜிபியிடம் போங்கள். போன முறை எல்லாம் சரி என்று முடிவு வந்திருந்தாலும் போங்கள்.

சரி, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு? திண்டுக்கல் மாவட்டத்தில் வினிகர் தடவிப் பார்க்கும் எளிய முறையிலேயே கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவுகள் 35 சதவீதம் குறைந்தன என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. 2023 நவம்பரில் தமிழக அரசு வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்குமான பரிசோதனையை முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் நம் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் உண்டு. 30 வயது தாண்டிய பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா விசிட் விசாவில் வருவதாக இருந்தால், இங்கே கடிதம் வரும் என்று நம்பியிருக்காமல் விமானம் ஏறுவதற்கு முன்பே அங்கே முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முடிவுச் சீட்டைப் பெட்டியில் வைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.