அம்பைக்குப் போட்ட போன் சிலோன் கணக்கில்: எண்களுக்கு முன்னொட்டு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்துக்கு, எந்தப் பிரிவு எவ்வளவுக்குப் போன் பேசியது என்று மாதாமாதம் பிரித்துக் காட்டும் சின்ன மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். முதல் மாதக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கணக்கர் அண்ணாச்சி கேட்டார்: "தம்பி, நம்ம ஆபீஸ்ல யாரு சிலோனுக்கு இத்தனை போன் போட்டது?"

யாரும் போடவில்லை. எல்லாம் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிக்காரர்களின் செல்போன்கள். 9442, 9443 என்று தொடங்கும் பி.எஸ்.என்.எல். எண்கள். நாட்டுக் குறியீடான 91 இல்லாமல் டேட்டாபேஸ் டேபிளில் கிடந்தன. 94 என்றால் இலங்கை என்று என் க்வெரி (டேபிளில் தேடும் எஸ்.கியூ.எல். கட்டளை) முடிவு கட்டிவிட்டது. எண்ணின் தொடக்க இலக்கங்களைக் கட்டண டேபிளில் உள்ள முன்னொட்டுகளோடு ஒப்பிட்டு, பொருந்துவதில் மிக நீளமானதை எடுப்பதுதான் வழி. அந்த வழியில் பிழையில்லை, தேடக் கொடுத்த எண்ணில்தான் பிழை.

ஆகவே முதலில் எல்லா எண்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். 0462 என்று தொடங்கும் திருநெல்வேலி எண் 91462 ஆக வேண்டும், 00971 என்று தொடங்கும் துபாய் எண் 971 ஆக வேண்டும். இதில் வரிசை முக்கியம். ஒற்றை 0-வை முதலில் பிடுங்கினால் துபாய் எண்ணுக்கு முன்னாலும் 91 வந்து உட்கார்ந்துகொள்ளும். + குறியையும் அவசரப்பட்டு அழிக்கக் கூடாது: சிங்கப்பூர் எண் 65-ஐயும் சேர்த்துப் பத்து இலக்கம்தான், + போய்விட்டால் நம்மூர் செல்போன் மாதிரியே நிற்கும். '91-ல் தொடங்குகிறதே, குறியீடு ஏற்கெனவே இருக்கிறது' என்றும் நம்ப வேண்டாம். 91-ல் தொடங்கும் பத்து இலக்க செல்போன்களும் உண்டு. எண்ணை இன்டிஜராக (கணக்குப் போடும் முழு எண்ணாக) வைத்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியங்கள் போய்விடும், இதில் எதையுமே கண்டுபிடிக்க முடியாது. டெக்ஸ்ட்டாகவே வையுங்கள்.

அப்புறம் ஜாயின், அதாவது அழைப்பு டேபிளைக் கட்டண டேபிளோடு இணைப்பது. பொருத்தம் பார்க்கும் லைக்-க்கு இடப்பக்கம் டயல் செய்த எண், வலப்பக்கம் முன்னொட்டோடு % குறி (பின்னால் எது வந்தாலும் சரி என்று பொருள்). மாற்றிப் போட்டால் ஒன்றுமே வராது, அதனால் உடனே தெரிந்துவிடும்.

தெரியாமல் போகிற தவறு அடுத்தது. கட்டண டேபிளில் இந்தியாவுக்கு 91, தென்காசிக்கு 914633 என்று இரண்டு வரிசைகள் இருந்தால் தென்காசிக்குப் போட்ட போன் இரண்டோடும் பொருந்தும். ஒன்றைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒரே போனுக்கு இரண்டு தடவை காசு. சரி என்று குரூப் பை போட்டு வரிசைகளை ஒன்றாக்கி, மேக்ஸ் முன்னொட்டு, மேக்ஸ் கட்டணம் (ஒவ்வொன்றிலும் பெரியது) என்று எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன். முன்னொட்டு தென்காசி வரிசையிலிருந்து வரும், கட்டணம் எந்த வரிசையில் அதிகமோ அங்கிருந்து வரும். அறிக்கையில் தென்காசி என்றே இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். குரூப் பை-யை எண்ணின் மேல் போட்டால் இன்னொரு கூத்து: ஒரே எண்ணுக்கு மூன்று தடவை பேசியது ஒன்றாகிவிடும்.

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில், ஒவ்வொன்றுக்கும் முதல் வரிசையை மட்டும் வைத்துக்கொள்ளும் டிஸ்டிங்ட் ஆன்-க்கு அழைப்பின் ஐடியைக் கொடுத்து, ஆர்டர் பை-யில் அதே ஐடி, பிறகு முன்னொட்டின் நீளம் இறங்குவரிசையில் என்று எழுதினால் போதும். எஸ்.கியூ.எல். சர்வரில், ஒவ்வொரு அழைப்புக்கும் தனித்தனியாகத் தேடும் அவுட்டர் அப்ளைக்குள், அதே நீள இறங்குவரிசையோடு டாப் 1. வெறும் லிமிட் 1-ஐ க்வெரியின் கடைசியில் ஒட்டினால் மாதம் முழுவதற்கும் ஒரே வரிசைதான் கிடைக்கும். (ஒரே எண்ணோடு பொருந்தும் முன்னொட்டுகளில் நீளமானதுதான் அகரவரிசையிலும் கடைசியில் வரும், எனவே நீளத்தைக் கணக்கிடாமலும் காரியம் நடக்கும். படிக்கிறவருக்குப் புரியட்டும் என்று நான் நீளத்தையே எழுதுகிறேன்.)

வேகம் வேண்டுமென்றால், இப்படித் திருப்பிப் போட்ட லைக்-க்கு முன்னொட்டின் மேல் உள்ள சாதாரண இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை) உதவாது. எண்ணின் முதல் 1, 2, 3 இலக்கங்கள் என்று மிக நீளமான முன்னொட்டின் நீளம் வரை நறுக்கி, சமக்குறியால் ஜாயின் செய்தால் உதவும். போஸ்ட்கிரஸில் இதற்கென்றே பிரிஃபிக்ஸ் என்ற எக்ஸ்டென்ஷனும் (கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் நிரல்) இருக்கிறது.

அடுத்த மாதம் சிலோன் காணாமல் போயிருந்தது. அமெரிக்காவுக்கு மட்டும் ஒரு போன். எண்ணைப் பார்த்தேன்: 108.

"அண்ணாச்சி, ஆம்புலன்ஸ் கூப்பிட்டீங்களா?"

"ஆமா தம்பி, வாசல்ல ஒருத்தன் பைக்கோட விழுந்துட்டான்."

அமெரிக்காவின் முன்னொட்டு 1. மூன்று இலக்க எண்களைக் க்வெரிக்கு முன்பே தனியாகப் பிரிக்க அன்று ஒரு வரி சேர்த்தேன்.