முள்வேலி இளவரசிக்கு நிழல்பாவை செய்ய

முள்வேலி இளவரசி என்பது நூறு வருடம் உறங்கும் அழகியின் கதை. அட்டை வெட்டுமுன் அதில் எந்த வடிவம் என்று முடிவு செய்யுங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697இல் அச்சிட்டதில் ஏழு தேவதைகள், அழைக்காமல் வரும் கிழவி ஒருத்தி; ராஜாவும் ராணியும் அதில் உறங்குவதில்லை. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் தந்ததில் 13 தேவதைகள், 12 தங்கத் தட்டுகள்; அதனால் ஒருத்திக்கு அழைப்பில்லை. சுவரில் இருக்கும் ஈ வரை அரண்மனையே உறங்கிப்போகும். நிழலுக்கு இதுதான் பொருத்தம்.

திரைக்கு நாலு முழ வேட்டி போதும். கீழே ஒரு அடிக்குக் கறுப்புத் துணி தையுங்கள். விளக்கு மூன்றடி பின்னால். பால்நிறக் குண்டு பல்பு போட்டால் ஓரம் மங்கிவிடும், ஒற்றை எல்.இ.டி. டார்ச் வெட்டினாற்போல நிழல் தரும்.

11 தேவதைகளை ஒரே பட்டையில் வெட்டலாம், அவர்கள் வரம் தந்துவிட்டு நிற்பவர்கள்தான். சபிக்கும் பதின்மூன்றாமவளும், சாவை நூறு வருட உறக்கமாக மாற்றும் பன்னிரண்டாமவளும் தனித்தனியாக, கை அசையும்படி வேண்டும். பாவை ஒரு அடி உயரம். மூட்டுக்கு நூல் முடிச்சு, பிடிக்க மூங்கில் குச்சி. கோபுரத்தில் நூல் நூற்கும் கிழவியின் கையில் தக்ளி; இளவரசியின் விரலில் குத்துவது அதுதான். ராட்டை வரைந்தால் குத்துவது எது என்று பிள்ளைகளுக்குப் புரியாது.

உறங்கும் இடம்தான் கடினம். கேரளத்தின் பாலக்காட்டில், தோல்பாவைக் கூத்து நடக்கும் கூத்துமாடத்தில் பாவையை முள்ளால் திரையில் குத்தி நிறுத்துவார்கள். அதே முறை இங்கே கச்சிதம். சமையல்காரர், சமையலறை வேலைக்காரப் பையனின் முடியைப் பிடிக்க நீட்டிய கையோடு, புறா சிறகுக்குள் தலை வைத்தபடி, ஒவ்வொன்றாகக் கருவேல முள்ளில் குத்திக் குச்சியை விட்டுவிடுங்கள். இளவரசியை மட்டமாகப் படுக்க வைத்தால் நிழல் வெறும் கட்டையாகத் தெரியும். தலையணை உயர்த்தி, முகம் பக்கவாட்டில், மூக்கும் உதடும் தெளிவாகத் தெரியும்படி வெட்டுங்கள்.

முள்வேலி நான்கு அடுக்கு. கறுப்புத் துணிக்குப் பின்னிருந்து ஒன்றன்பின் ஒன்றாக, மெதுவாக ஏற்றுங்கள். அவசரப்பட்டால் நூறு வருடம் போனதாகவே தோன்றாது. கடைசி இளவரசன் வாளால் வேலியை வெட்டக்கூடாது. நூறு வருடக் கெடு முடிந்ததால் முள் தானே பூவாகி வழி விடுகிறது. முன்பு வந்தவர்கள் அதில் சிக்கி மாண்டார்கள். எனவே பூ அடுக்கை இரண்டாகப் பிளந்து, இருபுறமும் இழுக்கும்படி வையுங்கள்.

கும்பகர்ணனை எழுப்பும் பழக்கத்தில் பிள்ளைகள் இங்கே பறையைத் தட்டப் பார்ப்பார்கள். வேண்டாம். முத்தத்துக்குப் பின் முள்ளைச் சத்தமில்லாமல் உருவி, இளவரசியை முதலில் அசையுங்கள். பிறகு ராஜா, ராணி, குதிரை, ஈ. பையன் கன்னத்தில் விழும் அறைக்கு மட்டும் ஒரு தட்டு.